ஆறாம் கூண்டில் கடல்

இடது மணிக்கட்டில் அசல்.
வலது மணிக்கட்டில் இம்தியாஸ் கடையில் வாங்கியது.
காலை ஆறு மணி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி,
ஃபாஸ்டேக் ஒட்டாதவர்களும்
ஒட்டியும் அதில் பணம் போடாதவர்களும்
வந்து சண்டை பிடிக்கிற ஆறாம் கூண்டு.

அசல் என்றால் முழுப் புட்டி இல்லை.
முழுப் புட்டி ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
இது ஐந்து மில்லி, விரல்நீளக் குப்பி, அறுநூற்றுத் தொண்ணூறு.
பெங்களூரில் ஒரு பையன்
சிரிஞ்சில் உறிஞ்சி ஊற்றி கூரியரில் அனுப்புகிறான்.
மற்றது நூறு மில்லி, நானூற்று நாற்பத்தொன்பது,
ரவுண்டானா பக்கம், செல்போன் கவர் விற்கிற கடை.
"அதே சரக்குதான் மேடம், டப்பா மட்டும் வேற."
நம்பவில்லை. வாங்கினேன்.

கணக்கு என் பிழைப்பு.
அசல், ஓர் அழுத்தலுக்குப் பதினாலு ரூபாய், ஒரு டீ.
மற்றது நாற்பத்தைந்து காசு.
அப்படி ஒரு சில்லறையை யாராவது நீட்டினால்
நானே வாங்க மாட்டேன்.

முதல் பத்து நிமிடம் இரண்டும் ஒன்று.
எலுமிச்சைத் தோல், நறுக்கிய வெள்ளரி,
ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற குளிர்.
ஐந்தாம் கூண்டிலிருந்து தில்ஷாத் கத்தினாள்:
"யாருடி அது இன்னைக்கு ரெண்டு தடவ குளிச்சது?"

ஆறே முக்காலுக்கு இரண்டும் பிரிந்தன.
வலது கையில் சோப்புத்தூள் தலையெடுத்தது,
ஊறவைத்த வாளிக்குள் முழங்கை வரை விட்ட மாதிரி.
அதன் பின்னால் கொஞ்சம் ஸ்பிரிட்,
ஊசிக்கு முன்னால் தேய்க்கிற பஞ்சு.
இடது கைக்கு அவசரமே இல்லை.
உப்பு. ஈரக் கல்.
மழை விட்டதும் பாறையிலிருந்து கிளம்புமே, அது.
அதற்கும் உள்ளே, எங்கோ ஒரு இலை
கசங்கிக் கிடந்தது.

அதன் பெயருக்குக் கடல் என்று அர்த்தமாம்.
நான் கடல் பார்த்ததில்லை, முப்பத்திரண்டு வயதாகிறது.
அதிகபட்சம் கே.ஆர்.பி. அணை,
மதகு திறந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக.
பாசியும் வறுத்த மீனும்தான் மணத்தது.
ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணை
நுரை தள்ளி வந்த நாளில்
ஆறே என் வலது கை மாதிரிதான் மணத்தது.
அந்த வகையில்
நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய்
பொய் சொல்லவில்லை.

பதினொன்றே காலுக்குத் தூத்துக்குடி வண்டி.
தெர்மாகோல் பெட்டிகள், ஐஸ் உருகி
ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.
டேக் கறுப்புப் பட்டியலில், இரட்டைக் கட்டணம்.
ஏனோ அவரிடம் சண்டை வரவில்லை.
இரண்டு கையையும் ஜன்னல் வழியே நீட்டி
"எதுண்ணா கடல்?" என்று கேட்டுவிட்டேன்.

குனிந்து, சீரியஸாக முகர்ந்தார்.
இடது: "இது ஏசி லாட்ஜு."
வலது: "எங்க வீட்டுல துணி தொவைக்கிற நாளு."
பின்னால் ஏழு ஹாரன்.
"கடல் இப்படி மணந்தா நான் எதுக்கும்மா
ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுறேன்?"
ஈர நோட்டுகளை என் இரண்டு உள்ளங்கையிலும்
வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

அதோடு ஒப்பீடு முடிந்தது.
மாம்பழ லாரிகள், கிரானைட் லாரிகள்,
திருப்பதி போகிற வேனில் வாந்தியெடுத்த குழந்தை,
எல்லாவற்றுக்கும் மேலே கல்லாவில் அந்த மீன்.

இரண்டு மணிக்குக் கணக்கு ஒப்படைக்கையில்
கோபிநாத் சார் மூக்கைப் பொத்தினார்.
பையிலிருந்து வலது கைப் புட்டியை எடுத்து
நோட்டுக் கட்டின்மேல் இரண்டு அழுத்து, தொண்ணூறு காசு.
"பரவால்லியே, என்ன பிராண்டு?" என்றார்.
குப்பியை வெளியே எடுக்கவில்லை.
பதினாலு ரூபாயை
யாராவது பணத்தின்மேல் அடிப்பார்களா?

காவேரிப்பட்டணம் டவுன் பஸ், நிற்கத்தான் இடம்.
வலது கையால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.